சன்பீமின் முன்பாதி

சிவமயம்

கோட்டையூர்
12-7-1966

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி சத்தியமூர்த்தி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம். உங்கள் குடும்பத்தில் அண்ணமிண்டியும் சுகம்தான். ஒரே வீட்டில் இருந்தாலும் உலை தனித்தனி என்பதால் அவர்கள் சமையற்கட்டுச் செய்தியை அவர்களே எழுதிக்கொள்வார்கள்.

நீங்கள் சொல்லிக்கொள்ளாமல் மலேயாவுக்குக் கப்பல் ஏறிப் போன பிறகு உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. அந்தப் பேச்சை இதில் எடுக்கப் போவதில்லை. இரண்டு செய்திகள் இருக்கின்றன. இரண்டும் ஒன்றோடு ஒன்று ஒட்டியவை.

சிகப்பிக்கு இது நாலாவது மாதம். முன்பு இரண்டு தடவையும் என்ன ஆயிற்று என்று உங்களுக்குத் தெரியும். இந்தத் தடவை மதுரையில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினோம். மாதம் ஒரு தடவை வந்து காட்ட வேண்டும், பிரசவத்தையும் அங்கேயே வைத்துக்கொள்ள வேண்டும், ஆனால் வழியில் குலுக்கல் கூடவே கூடாது என்றார். பஸ் ஆகாது. ரயில் என்றால் மானாமதுரையில் இறங்கி மாற வேண்டும், அங்கே பாதி நாள் பலகையில் உட்கார வேண்டும். எங்களிடம் கார் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். சொல்லும்போதே கூச்சமாக இருந்தது.

சன்பீமைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பந்தயத்துக்குப் போகிற ஜாதி வண்டி என்று சொல்லித்தான் அப்பச்சி அதை மெட்ராஸிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தார். இப்போது குன்றக்குடிக்குப் போய் வருவதற்குள் பின்சீட்டில் இருப்பவர் தலை கூரையில் இடிக்கிறது. பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டைகள் வளைவெல்லாம் போய்த் தட்டையாகிவிட்டன. பள்ளத்தில் இறங்கினால் அச்சு மேலே வந்து சட்டத்தில் முட்டுகிறது. ஷாக் அப்சார்பர் என்று சக்கரத்துக்கு ஒரு இரும்புப் பெட்டியும் அதிலிருந்து நீளும் ஒரு கையும் இருக்கிறதே, அந்தப் பெட்டிகளில் ஆயில் ஒழுகி வெகுகாலம் ஆயிற்று. ஒரு குதி குதித்தால் வண்டி அதை மறக்க அரை பர்லாங்கு ஆகிறது.

பாகப்பிரிவினையில் எழுதியதை எடுத்து மறுபடி படித்தேன். அறை அறையாக, பாத்திரம் பாத்திரமாகப் பிரித்து முடித்துவிட்டு நாம் இருவரும் காருக்கு வந்து மல்லுக்கு நின்றோம். விற்கவும் மாட்டோம், விட்டுக்கொடுக்கவும் மாட்டோம் என்றோம். மத்தியஸ்தம் பேச வந்த ஒக்கூர்ப் பெரியப்பச்சிக்குப் பசி வந்துவிட்டது. “அப்ப முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவுல நிக்கிற நடுக்கதவுத் தூணுக்கு முன்னால மூத்தவனுக்கு, பின்னால இளையவனுக்கு. அவனவன் பாதிய அவனவன் பாத்துக்கிடணும். அடுத்தவன் பாதியில கை வைக்கப்படாது” என்றார். வேடிக்கைக்குத்தான் சொன்னாரோ என்னவோ, நாம் ரோஷத்தில் சரி என்றோம். எழுத்தும் ஆகிவிட்டது. அந்தக் கணக்கில் எஞ்சினும் ஸ்டீரிங்கும் விளக்குகளும் உங்களுடையவை. பெட்ரோல் டாங்கும் டிக்கியும் பின் அச்சும் என்னுடையவை. பெட்ரோல் போடுவது நான், அதைக் குடிப்பது உங்கள் எஞ்சின். இதுவரை நான் குறை சொன்னதில்லை.

பின்பக்கத்தை வீட்டில் வைத்து நானே சரி செய்யப் போகிறேன். காரைக்குடியில் லாரி வைத்திருக்கிற ஹனிபா துணைக்கு வருகிறார். முன்பக்கத்தையும் கையோடு செய்துவிட்டால் வேலை முழுதாக முடியும். அதற்கு உங்கள் சம்மதம் வேண்டும்.

தம்பி
சத்தியமூர்த்தி


ஈப்போ
24-7-1966

தம்பி சத்தியமூர்த்திக்கு,

கடிதம் வந்தது. செய்தி தெரிந்தது.

உன் பாதியை நீ பிரித்துக்கொள், பூட்டிக்கொள், தலைகீழாக மாட்டிக்கொள். என் பாதியில் ஸ்பானர் படக் கூடாது.

காரணம் சொல்லாமல் விட்டால் நீ இன்னொரு கடிதம் எழுதுவாய் என்பதால் சொல்லிவிடுகிறேன். முகப்பில் மாட்டியிருந்த கடிகாரத்தை எண்ணெய் போடுகிறேன் என்று நீ கழற்றினாய். அது இன்றைக்கும் பிஸ்கட் டின்னில்தான் இருக்கிறது. ரேடியோவில் கை வைத்தாய். அதற்குப் பிறகு அதில் சிலோன் மட்டும் கேட்கிறது, அதுவும் மழை பெய்தால். முன்பாதி அப்பச்சி வாங்கின மாதிரியே இருக்கட்டும். நான் ஊருக்கு வரும்போது எனக்கு ஓட்டுவதற்கு ஒரு வண்டி வேண்டும்.

இன்னொன்று. குலுக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னது உன் பெண்டாட்டியை. அவள் உட்காரப் போவது பின்சீட்டில். பின்னால் சரியாக இருந்தால் போதும். முன்னால் குலுங்கினால் ஓட்டுகிற உனக்குத்தான் குலுங்கும். குலுங்கட்டும். தனியாகச் சமாளிக்க முடியவில்லை, ஈப்போவுக்கு வந்து கடையில் உட்கார் என்று நான் கூப்பிட்டபோது முடியாது என்றவன் கொஞ்சம் குலுங்கினால் ஒன்றும் ஆகிவிடாது.

நீ ஸ்டீரிங்கைப் பிடிப்பதே என் பாதியில் உட்கார்ந்துதான். அதை நான் தடுக்கவில்லை.

சிகப்பி வெந்நீர் அண்டாவைத் தூக்குகிறாள் என்று உன் அண்ணமிண்டி தேனம்மை எழுதியிருந்தாள். தூக்க விடாதே.

முத்தப்பன்


கோட்டையூர்
3-9-1966

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைச் சிகப்பியிடம் படித்துக் காட்டினேன். கடிகாரம் வரும் இடத்தில் அவள் சிரித்ததை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். அண்டாவை இனித் தொடமாட்டேன் என்று உங்களிடம் சொல்லச் சொன்னாள். உங்கள் காரணமும் எனக்குச் சரியென்றே பட்டது. பின்சீட்டில் இருப்பவளுக்குப் பின்பக்கம் சரியாக இருந்தால் போதும்தானே? முன்பாதியை நான் தொடவில்லை.

வேலை முடிந்துவிட்டது. கார்க் கொட்டகையில் வைத்தே செய்தோம். வீடு கட்டியபோது மீந்த கருங்கல் துண்டுகள் பின்கட்டில் கிடந்தன அல்லவா, அவற்றை அடுக்கி, மேலே ஒரு தேக்குக் கட்டையை வைத்து, வண்டியின் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி அதில் இறக்கினோம். வீடு இடிந்தாலும் அது அசையாது. போல்ட்டுகள்தான் பாடாய்ப் படுத்தின. மண்ணெண்ணெயில் ஊறப் போட்டு, தட்டி, திரும்பவும் ஊறப் போட்டு, கடைசியில் இரண்டை அறுத்தே எடுத்தோம். ஸ்பிரிங் பட்டைகளைக் காரைக்குடிப் பட்டறையில் கொடுத்துக் காய்ச்சி வளைவு ஏற்றினோம். பக்கத்துக்கு ஒரு பட்டை கூடுதலாகவும் வைத்தோம். லாரிக்கு அப்படித்தான் வைப்பார்கள், பிறகு ஜென்மத்துக்கும் தட்டாது என்றார் ஹனிபா. பழைய கைப்பெட்டி ஷாக் அப்சார்பர்களைக் கழற்றிவிட்டு, இப்போது வரும் குழாய் மாதிரியான புது ஷாக் அப்சார்பர் இரண்டை மதுரையில் வாங்கி, அதற்குத் தக்கபடி இரும்புத் தகட்டில் பிடிமானம் செய்து பற்றவைத்து மாட்டினோம். ரப்பர் புஷ் எல்லாம் புதிது.

வேலை நடந்த நாட்களில் அண்ணமிண்டி தினமும் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து கொட்டகை வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். கோலமாவு எடுத்து வந்து, நடுக்கதவுத் தூணுக்கு நேராகத் தரையில் ஒரு கோடு போட்டார்கள். ஹனிபாவின் சுத்தியல் ஒரு தடவை உருண்டு கோட்டுக்கு முன்னால் போனது. அவர் எடுக்கலாமா என்று அவர்களைக் கேட்டுவிட்டுத்தான் எடுத்தார். உங்களுக்கு இதைவிட ஒரு காவல் வேண்டியதில்லை.

முடிந்ததும் பின்சீட்டில் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் வைத்து அமராவதிபுதூர் வரை போய் வந்தேன். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. மறுநாள் சிகப்பியை ஏற்றிக்கொண்டு மதுரை போனோம். ரோட்டில் போகிற மாதிரியே இல்லை என்றாள். அவளுக்குத் தாயார் இல்லாததால் ஆஸ்பத்திரிக்கு ஒரு பெண் துணை வேண்டியிருந்தது. நான் கேட்பதற்குள் அண்ணமிண்டியே புடவை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். பின்னால் வசதியாக இருக்கும், சிகப்பியோடு உட்காருங்கள் என்றேன். “என் பாதி இருக்கையில நான் எதுக்கு உங்க பாதியில உக்காரணும்?” என்று சொல்லி முன்சீட்டில் ஏறிக்கொண்டார்கள். வழியெல்லாம் முன்னால் நாங்கள் இரண்டு பேரும் ஊஞ்சல் ஆடிக்கொண்டே போனோம்.

தம்பி
சத்தியமூர்த்தி


ஈப்போ
15-9-1966

தம்பி சத்தியமூர்த்திக்கு,

செம்பு சிந்தவில்லை என்று படித்தேன். நல்லது. நீ ஒரு சாமானைப் பிரித்துத் திரும்பவும் பூட்டியது இதுதான் முதல் தடவை.

தேனம்மையும் எழுதியிருந்தாள். பின்னால் உட்கார்ந்தால் உனக்கு நன்றி சொல்ல வேண்டி வருமாம். அதற்கு ஊஞ்சல் ஆடுவதே மேல் என்கிறாள். அவளுடைய கோபம் என் பொருட்டு வந்தது என்பது எனக்குத் தெரியும். நீ அதை மனதில் வைத்துக்கொள்ளாதே. ஆனால் மாதா மாதம் ஆஸ்பத்திரிக்குத் தானே போய் வருவதாகவும் எழுதியிருக்கிறாள். அதற்கு யாரும் அவளைக் கேட்கவில்லை.

முன்பாதியைப் பற்றி நீ இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததைக் கவனித்தேன். நான் சொன்னதில் மாற்றமில்லை. தை மாதம் வரலாம் என்று இருக்கிறேன். வந்து ஓட்டிப் பார்த்துவிட்டு யோசிக்கலாம்.

இங்கே கடையில் ஆள் இல்லை. கல்லாப் பெட்டியடியிலும் நான், கிடங்கிலும் நான். இதைக் குறையாகச் சொல்லவில்லை.

சிகப்பிக்குக் கால் வீங்குகிறதா? வீங்கினால் உப்பைக் குறைக்கச் சொல்.

முத்தப்பன்


கோட்டையூர்
20-10-1966

அன்புள்ள அண்ணனுக்கு,

அண்ணமிண்டி நன்றாக இருக்கிறார்கள். சிகப்பியும் வயிற்றுப் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். இதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்று சிகப்பி சொன்னாள். தந்தி கொடுக்கலாம் என்றேன். தந்தி என்றாலே பயந்துபோவீர்கள், கடிதமாக எழுதுங்கள் என்று அண்ணமிண்டி தடுத்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலையில் மதுரைக்குப் புறப்பட்டோம். வழக்கம்போல் அண்ணமிண்டி முன்சீட்டில், சிகப்பி பின்சீட்டில். தூறல் போட்டிருந்தது. வேகமாகப் போகவில்லை. நாச்சியாபுரம் தாண்டிக் கண்மாய்க்கரையில் ஒரு வளைவு இருக்கிறதே, அதில் திருப்பினேன். முன்பக்கம் வழக்கம்போல் ஒரு பக்கமாக அமுங்கிச் சாய்ந்தது. பின்பக்கம் அதோடு சேர்ந்து சாயவில்லை. விறைப்பாக நின்றபடியே வழுக்கி வெளியே போய்விட்டது. நான் ஸ்டீரிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வண்டி ஒரு முழுச் சுற்றுச் சுற்றிக் கரையிலிருந்து சரிவில் இறங்கி, ஒரு கருவேல மரத்தில் இடது முன்பக்கம் மோதி நின்றது.

அண்ணமிண்டிக்கு வலது கை எலும்பு முறிந்துவிட்டது. நெற்றியில் தையல். நாச்சியாபுரத்து ஆட்கள் ஓடி வந்து ஒரு வேனில் ஏற்றித் திருப்பத்தூருக்கும், அங்கிருந்து மதுரைக்கும் அனுப்பினார்கள். மாவுக்கட்டுப் போட்டிருக்கிறது. கை பழையபடி வந்துவிடும் என்கிறார் டாக்டர். சிகப்பிக்கு ஒரு சிராய்ப்புக்கூட இல்லை. இரண்டு நாள் படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள். பிள்ளையின் இதயத் துடிப்பு நன்றாகக் கேட்கிறது என்றார் டாக்டரம்மா. நேற்றுத்தான் வீட்டுக்கு வந்தோம்.

உங்கள் பாதியில் இடது மட்கார்டும் ஒரு விளக்கும் போயின. என் பாதியில் ஒரு கீறல் இல்லை.

ஹனிபா வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். லாரி என்றால் பின்னால் மூட்டை இருக்கும், அந்தக் கனத்துக்குக் கூடுதல் பட்டை சரி, இதில் ஒரு பெண்பிள்ளையைத் தவிர யார் இருக்கிறார்கள் என்று தலையில் அடித்துக்கொண்டார். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. பின்பக்கம் புதிதாக விறைத்து நிற்கிறது, முன்பக்கம் பழையபடி தொட்டில் ஆடுகிறது. ஒரே வண்டியில் இரண்டு வண்டி. நேர் ரோட்டில் இரண்டும் ஒத்துப்போயின. வளைவில் ஆளுக்கு ஒரு பக்கம் போயின. வீட்டில் உங்கள் அறையை வெள்ளையடிக்காமல் என் அறையை மட்டும் அடிக்கலாம். காரில் அது நடக்காது என்று உங்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. படித்த இரண்டு பேர் கடிதம் எழுதி எழுதி ஒரு வண்டியை இரண்டாக ஓட்டியிருக்கிறோம்.

நான் கொடுத்த சொல்லைக் காப்பாற்றினேன். அதைக் காப்பாற்றியிருக்கக் கூடாது என்று இப்போது நினைக்கிறேன். நினைத்து நினைத்து எனக்கு உங்கள்மேல் ஆத்திரமாக வருகிறது. பிறகு என்மேல் வருகிறது.

ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததும் அண்ணமிண்டி முதலில் சிகப்பியை எங்கே என்று கேட்டார்கள். அவளைப் பார்த்த பிறகு என்னைப் பார்த்து, “தம்பி, வீட்டுக்குப் போனதும் முன்பக்கத்தையும் கழட்டிருங்க. அவுக கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க” என்றார்கள்.

நான் கழற்றவில்லை. எழுத்தில் இருப்பது உங்கள் பெயர். டிசம்பர் கடைசியில் சிகப்பியைப் பிரசவத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இப்படியே இந்த வண்டியில் அவளை ஏற்றமாட்டேன். தொடலாமா, கூடாதா என்று ஒரே வார்த்தை எழுதுங்கள். கூடாது என்றால் என் பாதியையும் உங்கள் பெயருக்கு எழுதிவிட்டு நான் வேறு வழி பார்த்துக்கொள்கிறேன்.

சத்தியமூர்த்தி


ஈப்போ
29-10-1966

தம்பி சத்தியமூர்த்திக்கு,

தொடு.

நீ கேட்டது ஒரு வார்த்தை. அதை எழுதிவிட்டேன். இனி எழுதுவது நான் எழுத வேண்டியது.

உன் கடிதமும் தேனம்மையின் கடிதமும் ஒரே தபாலில் வந்தன. அவள் கடிதத்தை முதலில் பிரித்தேன். வீட்டில் எல்லோரும் சுகம், மழை நன்றாகப் பெய்கிறது, கொல்லையில் கொத்தவரை காய்த்திருக்கிறது என்று இருந்தது. கையெழுத்து சிகப்பியுடையது. ஏன் இவள் எழுதவில்லை என்று யோசித்துக்கொண்டே உன் கடிதத்தைப் பிரித்தேன். படித்துவிட்டுக் கடையைப் பூட்டிவிட்டேன். பகலில் கடையைப் பூட்டுவது அப்பச்சி இறந்த செய்தி வந்தபோது பூட்டினதற்குப் பிறகு இதுதான். பக்கத்துக் கடைக்காரர் வந்து யாருக்கு என்ன என்று கேட்டார். ஒருவருக்கும் ஒன்றுமில்லை என்றேன். சொல்லிவிட்டு அழுதுவிட்டேன்.

உனக்குக் குலுங்கட்டும் என்று எழுதியிருந்தேன். உன் பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்று யோசிக்கவில்லை. இதை வைத்து என்னைக் குத்திக் காட்ட உனக்கு உரிமை உண்டு. நீ செய்யமாட்டாய், அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

எங்கள் இருவருக்கும் பிள்ளை இல்லை என்பதை நான் எங்கேயும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சிகப்பிக்கு முதல் தடவை தவறியபோது தேனம்மை இரண்டு நாள் சாப்பிடவில்லை. உனக்கு அது தெரியாது, உன் உலை வேறு, அவள் உலை வேறு. இந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால் அவள் என்னோடு பேசியிருக்கமாட்டாள். நானும் என்னோடு பேசியிருக்கமாட்டேன்.

சரி, வேலைக்கு வருகிறேன். இங்கே சன்பீம் மாதிரி வண்டிகளைப் பார்க்கும் பட்டறை ஒன்று இருக்கிறது. வைத்திருப்பவர் ஒரு சீனர், எனக்குப் பழக்கம். விவரத்தைச் சொன்னேன். நாலு சக்கரத்துக்கும் சேர்த்துச் செய்யாமல் பின்னால் மட்டும் செய்த மடையன் யார் என்று கேட்டார். ஒருவன் இல்லை, இரண்டு பேர் என்றேன். அவர் சொன்னபடி நாலு குழாய் ஷாக் அப்சார்பர் வாங்கியிருக்கிறேன், முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு இரண்டு, ஒரே மாதிரி. நீ மதுரையில் வாங்கியதைக் கழற்றிவிடு. கூடுதல் பட்டையையும் எடுத்துவிடு. முன்பக்கம் இடது சக்கரத்திலிருந்து வலது சக்கரத்துக்குக் குறுக்கே ஒரு கம்பி போகிறதாமே, அதைப் பிடித்திருக்கும் ரப்பர்கள் நொறுங்கியிருக்கும் என்றார். அதனால்தான் அவ்வளவு சாய்கிறதாம். அதற்கும் புது ரப்பர் வைத்திருக்கிறேன். முன் ஸ்பிரிங் சுருளாக இருப்பது. அதை அழுத்தம் போகாமல் கழற்றினால் ஆளையே அடித்துவிடும், கீழே ஜாக்கி கொடுத்து மெள்ள மெள்ள இறக்கச் சொன்னார். நீ அவசரக்காரன். ஹனிபாவை இறக்கச் சொல்.

எல்லாவற்றையும் ஹனிபாவின் தம்பி சபியுல்லாவிடம் கொடுத்திருக்கிறேன். அவர் அடுத்த கப்பலில் ஊருக்கு வருகிறார்.

தேனம்மைக்கு நான் தனியாக எழுதுகிறேன். நீ படித்துக் காட்ட வேண்டாம், சிகப்பி படிக்கட்டும்.

அண்ணன்
முத்தப்பன்


கோட்டையூர்
5-12-1966

அன்புள்ள அண்ணனுக்கு,

சபியுல்லா பெட்டியைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார். கப்பலில் தலைமாட்டில் வைத்துக்கொண்டே தூங்கினாராம்.

நீங்கள் எழுதியபடியே செய்தோம். சுருள் ஸ்பிரிங்கை ஹனிபாதான் இறக்கினார். நான் கொட்டகைக்கு வெளியே நிற்க வேண்டும் என்று அண்ணமிண்டி உத்தரவு போட்டுவிட்டார்கள். இறங்கிய பிறகுதான் என்னை உள்ளே விட்டார்கள். குறுக்குக் கம்பியின் ரப்பர்கள் கையில் எடுத்ததும் புட்டுப் போல உதிர்ந்துவிட்டன. இத்தனை நாளும் அந்தக் கம்பி சும்மா தொங்கிக்கொண்டுதான் வந்திருக்கிறது. முன்பக்கத்துப் பிடிமானத்துக்குத் துளை போடும்போது ஒன்று கோணலாகிவிட்டது. அதை அடைத்துவிட்டுத் திரும்பப் போட்டோம். பின்பக்கத்துக் கூடுதல் பட்டைகளை எடுத்துவிட்டோம். மட்கார்டைத் தட்டி நிமிர்த்தியாயிற்று. பெயிண்ட் மட்டும் ஒத்துவரவில்லை. பழைய பச்சை கிடைக்கவில்லை, கிடைத்த பச்சையை அடித்திருக்கிறோம். நீங்கள் பார்த்தால் திட்டுவீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அண்ணமிண்டியின் கட்டை அவிழ்த்துவிட்டார்கள். விரல்கள் அசைகின்றன. கைமுறுக்குச் சுற்ற இன்னும் முடியவில்லை என்பதுதான் அவர்களுக்குக் குறை. இடது கையால் எனக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்தார்கள். எந்த நம்பர் என்று நான் சொல்வதற்குள் கையில் வந்துவிடுகிறது. சிகப்பியைக் கொட்டகைப் பக்கம் அண்டவிடவில்லை. இரண்டு பேருக்கும் இப்போது ஒரே உலைதான். அவர்களுக்குக் கை முடியாததால் சிகப்பி சமைக்க ஆரம்பித்தாள். கட்டு அவிழ்த்த பிறகும் யாரும் அதை மாற்றவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை. சாப்பாடு முன்னைவிட நன்றாக இருக்கிறது, இதைச் சிகப்பியிடம் சொல்லிவிடாதீர்கள்.

சனிக்கிழமை மழை விட்டிருந்தது, ரோடு ஈரமாக இருந்தது. அந்த வளைவில் ஓட்டிப் பார்க்காமல் சிகப்பியை ஏற்றக் கூடாது என்று தனியாகப் புறப்பட்டேன். அண்ணமிண்டி வந்து முன்கதவைத் திறந்தார்கள். வேண்டாம் என்றேன். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். நாச்சியாபுரம் தாண்டும்போதே வேகத்தைக் குறைத்தேன். வளைவில் திருப்பினேன். வண்டி முன்னும் பின்னும் ஒன்றாகக் கொஞ்சம் சாய்ந்தது, ஒன்றாக நிமிர்ந்தது, அவ்வளவுதான். அந்தப் பக்கம் போய் நிறுத்தினேன். “இன்னொருக்கப் போங்க தம்பி, வேகமா” என்றார்கள் அண்ணமிண்டி. போனோம். அதற்குப் பிறகும் ஒரு தடவை போனோம். அப்பச்சி சொன்னது பொய்யில்லை அண்ணே, இது பந்தயத்துக்குப் போகிற ஜாதிதான். எனக்கு இத்தனை வருடம் தெரியாமல் போயிற்று.

வரும் இருபதாம் தேதி மூன்று பேரும் மதுரைக்குப் போய் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் தங்குகிறோம். சிகப்பி பயப்படுகிறாள். வெளியே சொல்லமாட்டாள், ஆனால் ராத்திரியில் என் கையைத் தேடிப் பிடித்துக்கொள்கிறாள். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

தம்பி
சத்தியமூர்த்தி


ஈப்போ
6-1-1967

அன்புள்ள தம்பி சத்தியமூர்த்திக்கு,

தந்தி வந்தது. கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தேன். பெண் பிள்ளையா என்று ஒருவர் ராகம் இழுத்தார். அவருக்குக் கொடுத்த மிட்டாயைத் திரும்ப வாங்கிவிட்டேன்.

பிறகு தேனம்மையின் கடிதமும் வந்தது. அவளே எழுதியிருந்தாள். எழுத்து இன்னும் சற்றுச் சாய்ந்துதான் இருக்கிறது. போகும்போது சிகப்பி திருப்பத்தூர் தாண்டியதும் தூங்கியவள் மதுரை ஆஸ்பத்திரி வாசலில் எழுப்பித்தான் எழுந்தாளாம். திரும்பி வரும்போது பிள்ளை தூங்கியதாம். வழியில் மூன்று இடத்தில் நிறுத்தி, பிள்ளை மூச்சு விடுகிறதா என்று நீ இறங்கிப் பார்த்தாயாமே. ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள். அவள் எனக்கு எழுதிய கடிதங்களில் சிரித்து வெகுநாள் ஆயிற்று.

பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள முன்சீட்டில் இடம் போதவில்லை என்று அவள் பின்னால் போய்ச் சிகப்பியோடு உட்கார்ந்துகொண்டு வந்ததாகவும் எழுதியிருக்கிறாள். ஓட்டுகிற உன்னைத் தவிர முன்னால் ஆளே இல்லாமல் வண்டி வந்திருக்கிறது. நான் இங்கே இருக்கிறேன், என் பாதி காலியாக வந்திருக்கிறது. அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் நீ சிரிப்பாய்.

கடையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளை அமர்த்தியிருக்கிறேன். அவனுக்குக் கணக்கு வருகிறது, சிரிக்கத்தான் வரவில்லை. பரவாயில்லை. உன்னை இனிக் கூப்பிடமாட்டேன். உனக்கு அங்கே வேலை இருக்கிறது.

மாசி மாதக் கப்பலில் வருகிறேன். நாகப்பட்டினத்துக்கு வண்டியைக் கொண்டு வா. நீயே ஓட்டு, நான் ஸ்டீரிங்கைக் கேட்கமாட்டேன். சிகப்பி வர வேண்டாம், பச்சை உடம்பு. தேனம்மை பிள்ளையை விட்டுவிட்டு வருவாளா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. வராவிட்டால் நீ மட்டும் வா.

இவர்கள் எல்லோரும் தூங்கிக்கொண்டு வந்த இடத்தில் உட்கார்ந்து நானும் ஊருக்கு வர வேண்டும். அது உன் பாதி. அதனால் கேட்டு எழுதுகிறேன், எனக்கு அங்கே இடம் கொடுப்பாயா? பதில் போடு.

உன் அண்ணன்
முத்தப்பன்